பதிவுக்கு நாலு பைசா, காதுக்கு முந்நூறு ரூபாய்

17 நொடி. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளில் வாய்விட்டுத் தமிழ் படிக்கக் கிடைக்கும் நேரம் இவ்வளவுதான். இதற்கு ஆய்வு எதுவும் வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. பாடவேளை 40 நிமிடம். வருகைப் பதிவு, கரும்பலகை, விளக்கம், வீட்டுப்பாடம் எல்லாம் போக 10 நிமிடத்தை வாய்விட்டுப் படிக்க ஒதுக்குகிறவர் தாராள மனசுக்காரர். 600 நொடியை 35ஆல் வகுத்தால் 17க்குச் சற்று மேல்.

அதே சட்டம் இந்த வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 பாட மணி நேரம் என்று வரையறுக்கிறது. அந்த 10 நிமிடத்தை 220 நாளால் பெருக்கி 35ஆல் வகுத்தால் 63 நிமிடம். 1,000 மணி நேரம் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, தமிழ் வகுப்பில் வாய் திறப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த 17 நொடியிலும் மற்ற 34 பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

இந்தப் பற்றாக்குறைக்குக் கைப்பேசியின் குரல்பதிவு நல்ல மருந்து என்று ஆசிரியர் பயிற்சிகளில் சொல்கிறார்கள். மருந்து நல்லதுதான். அதன் விலை என்ன, யார் கொடுப்பது என்பதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு வகுப்பு, 35 பிள்ளைகள், 44 வாரம் (220 நாளை 5ஆல் வகுத்தது) என்று வைத்துக்கொண்டு வரவு செலவு போட்டுப் பார்ப்போம்.

பழைய பாக்கி

மொழி கற்பிக்கக் குரலைப் பதிவது புது யோசனை அல்ல. எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைச் செய்தார். மறு ஆண்டே அதன் பத்துப் பயன்களைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பேச்சுப் பயிற்சி, மொழிகளின் உச்சரிப்பை உள்ளபடியே காப்பது, கல்வி ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. 1901இல் லண்டனில் லிங்குவாஃபோன் நிறுவனம் தொடங்கியது. மெழுகு உருளையிலும் பின்னர் இசைத்தட்டிலும் ஆசிரியரின் குரலை அடைத்து வீட்டுக்கு அனுப்பிய நிறுவனம் அது.

நம் பக்கத்திலும் கணக்கு உண்டு. இந்திய மொழிகளை அளந்த கிரியர்சனின் முயற்சியில் 1913 முதல் 1929 வரை கிராமஃபோன் தட்டுகளில் பல மொழிகளின் பேச்சு பதிவானது. ஒரே கதையைப் பலரும் தத்தம் மொழியில் சொன்னார்கள். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம்தான் தாங்கும். அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். தப்பினால் தட்டு வீண்.

பிறகு 1963இல் ஃபிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தது. அதில் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும். நம் 35 பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால் 2,100 நொடி, அதாவது 100 மீட்டர் நாடா. 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம்தான் என்பதால் முப்பத்தோராவது பிள்ளைக்குப் பக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும். பதினெட்டாவது பிள்ளையின் குரலை மறுபடி கேட்க வேண்டுமா? டேப் ரிக்கார்டரில் சுற்றி, தாண்டிப்போய், திரும்பச் சுற்றி, பேட்டரியை மிச்சம் பிடிக்க நினைத்தால் கேசட் ஓட்டையில் பென்சிலை விட்டுத் திருகித்தான் தேட வேண்டும். தேடுகிற நேரம் கேட்கிற நேரத்தைத் தின்றுவிடும். கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைக்க மறந்தால், போன வாரத்துப் பாடத்தின் மேல் இந்த வாரச் சினிமாப் பாட்டு ஏறியிருக்கும். டேப் காலத்தில் பதிவுக்கே செலவு அதிகம். அதனால் யாரும் தேவையில்லாமல் பதியவில்லை.

இன்றைய பதிவின் எடை

இன்று நிலைமை தலைகீழ். ஒரு நிமிடக் குரல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது தரத்தைப் பொறுத்தது. 35 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நிமிடம், 44 வாரம் என்ற கணக்கில்:

சிடி தரம், இரட்டைத் தடம், சுருக்காதது: நிமிடத்துக்கு 10.6 எம்பி. வாரத்துக்கு 370 எம்பி. ஆண்டுக்கு 16.3 ஜிபி.

ஒற்றைத் தடம், நொடிக்கு 16,000 மாதிரி, சுருக்காதது: நிமிடத்துக்கு 1.92 எம்பி. வாரத்துக்கு 67 எம்பி. ஆண்டுக்கு 3 ஜிபி.

நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3: நிமிடத்துக்கு 0.48 எம்பி. வாரத்துக்கு 17 எம்பி. ஆண்டுக்கு 739 எம்பி.

நொடிக்கு 16 கிலோபிட் ஓபஸ்: நிமிடத்துக்கு 0.12 எம்பி. வாரத்துக்கு 4.2 எம்பி. ஆண்டுக்கு 185 எம்பி.

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே 88 மடங்கு. ஓபஸ் என்பது 2012இல் தரப்படுத்தப்பட்ட குறியாக்கம். வாட்ஸ்அப் குரல்செய்திகள் அதில்தான் வருகின்றன. 32 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் சிடி தரத்தில் பதிந்தால் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் நிரம்பிவிடும். ஓபஸில் பதிந்தால் 173 ஆண்டு வரும். அதுவரை கார்டும் இருக்காது, நாமும் இருக்க மாட்டோம்.

அனுப்பும் செலவு? ஒரு ஜிபி டேட்டா 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேக்கின் விலை வேறானால் திருத்திக்கொள்ளலாம். 4.2 எம்பிக்கு 4.2 பைசா. வகுப்பு முழுவதும் ஆண்டு முழுவதும் அனுப்பினாலும் 1 ரூபாய் 85 பைசா. ஒரு டீ விலைகூட இல்லை.

செலவுப் பக்கம்: ஆசிரியரின் காது

பிள்ளை அனுப்பிய ஒரு நிமிடத்தை ஆசிரியர் ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும். எங்கே தடுமாறியது என்று பிடிக்க மறுமுறை கேட்க வேண்டும். இரண்டு வரி எழுத ஒரு நிமிடம். ஆக மூன்று நிமிடம். 35 பேருக்கு 105 நிமிடம், ஒன்றே முக்கால் மணி நேரம்.

இதற்கு விலை போடலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 36,400 ரூபாய். கல்வி உரிமைச் சட்டப்படி, தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம் அவர் வேலை பார்க்க வேண்டும். மாதத்துக்கு அது 195 மணி நேரம். படிகளை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வகுத்தாலும் மணிக்கு 187 ரூபாய். ஒன்றே முக்கால் மணிக்கு 327 ரூபாய்.

இப்போது இரண்டையும் எதிரெதிரே வையுங்கள். பதிவை அனுப்ப 4 பைசா. பதிவைக் கேட்க 327 ரூபாய். ஏறக்குறைய 7,800 மடங்கு. குரல்பதிவு இலவசம் என்று சொல்கிறவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள்.

நடுநிலைப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ ஒரு மொழி ஆசிரியருக்கு நான்கு பிரிவுகள் இருந்தால் 140 பிள்ளைகள். வாரத்துக்கு 7 மணி நேரம் காதில் இயர்ஃபோனோடு உட்கார வேண்டும். ஆண்டுக்கு 308 மணி நேரம். 45 மணி வாரக் கணக்கில் அது கிட்டத்தட்ட 7 வார முழு வேலை. கட்டுரை நோட்டும் தேர்வுத்தாளும் எங்கும் போய்விடவில்லை, அவையும் மேசைமேல் அப்படியே இருக்கின்றன.

வாராக்கடன்

இதனால் நடப்பது இதுதான். ஜூன் மாதம் உற்சாகமாகத் தொடங்குவார்கள். வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரம் 35 குரல்செய்தி, 35 கட்டைவிரல். இரண்டாம் வாரம் பத்துப் பேருக்குக் கட்டைவிரல், மற்றவர்களுக்கு மௌனம். பிறகு பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்: டீச்சர் கேட்பதில்லை. குரல்செய்தியை யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதை அதன் விவரப் பக்கமே காட்டிக்கொடுத்துவிடும். கேட்கப்படாத பதிவு, கணக்கில் வாராக்கடன். வரவில் எழுதியிருக்கும், கைக்கு ஒருநாளும் வராது.

தவறு ஆசிரியரின் சோம்பல் இல்லை. 'எல்லாரும் ஒரு நிமிடம் பேசி அனுப்புங்கள்' என்று சொன்ன அன்றே அவர் வாரத்துக்கு 7 மணி நேரக் கடன்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். திருப்பிக் கட்ட அவரிடம் அந்த நேரம் இல்லை.

வரவுப் பக்கம்: அழிக்கப்பட்ட பதிவுகள்

அப்படியானால் விட்டுவிடலாமா? கூடாது. வரவு இருக்கும் இடம் வேறு.

எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றின் தாழ்வாரத்தில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியரின் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை ஒரு சிறு பத்தியைப் படித்தாள். மழை, வாழை, கிழவி என்று ழகரம் நிறைந்த பத்தி.

"டீச்சர், முடிச்சிட்டேன்."

"நீயே ஒரு தடவை கேளு."

கேட்டாள். முகம் மாறியது. "ஐயே, இது என் குரலா?"

"குரலை விடு. மழைன்னு கேக்குதா?"

திரும்பக் கேட்டாள். "மளைன்னு கேக்குது டீச்சர். நான் மழைன்னுதானே சொன்னேன்?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. அவள் அழித்தாள். மறுபடி பேசினாள், கேட்டாள், அழித்தாள். நான்காவது முறை நாக்கு மடிந்தது. அதைத்தான் கொடுத்தாள்.

'இது என் குரலா' என்று எல்லாருமே கேட்பார்கள். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. பதிவில் எலும்பு வழி கிடையாது. நம்மை ஊர் எப்படிக் கேட்கிறதோ அப்படி நாம் கேட்பது பதிவில்தான். 'மழைன்னுதானே சொன்னேன்' என்ற கேள்விக்கு வேறு எந்தக் கருவியும் பதில் சொல்லாது.

இதற்குக் கணக்குப் போடுவோம். பதிவு 20 நொடி. நான்கு முறை பேசியதால் அவள் வாய் திறந்தது 80 நொடி. வகுப்பில் கிடைக்கும் 17 நொடிப் பங்கோடு ஒப்பிட்டால் நாலரை நாள் பங்குக்கு மேல். ஆசிரியர் கேட்க வேண்டியது கடைசி 20 நொடி மட்டும். மற்ற 60 நொடியைக் கேட்ட காது அவளுடையது, அதற்குச் சம்பளம் கிடையாது. வாரம் ஒருமுறை இப்படி நடந்தால் 44 வாரத்தில் 59 நிமிடம். வகுப்பில் கிடைக்கும் 63 நிமிடத்தோடு சேர்த்தால் ஆண்டுக்கு 122 நிமிடம். பேச்சு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. குரல்பதிவின் லாபம் அனுப்பிய கோப்பில் இல்லை, அழித்த மூன்று கோப்புகளில் இருக்கிறது.

20 நொடி, ஒரு குறி

செலவைக் குறைக்க இரண்டு வெட்டு போதும். ஒன்று, நிமிடத்தை 20 நொடியாக்குவது. இரண்டு, ஒரு பதிவில் ஒரே ஒரு குறியைத் தேடுவது. இந்த வாரம் ழகரம் என்றால் ழகரம் மட்டும். வேகம், ஏற்ற இறக்கம், நிறுத்தம் எல்லாம் வேறு வாரத்துக்கு.

அப்போது ஒருமுறை கேட்டால் போதும். வருகைப் பதிவேடு போன்ற ஒரு தாளில் சரி, பாதி, இல்லை என்று குறி போட 10 நொடி. 35 பேருக்குப் பதினேழரை நிமிடம், 54 ரூபாய். நான்கு பிரிவுக்கு 70 நிமிடம். 45 மணி நேர வாரத்தில் அது நூற்றுக்கு 2.6. ஆண்டுக்கு 308 மணி நேரம் என்பது 51 மணி 20 நிமிடமாக, ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இந்தக் கடனை அடைக்க முடியும்.

எதைத் தேடுவது என்பதற்குத் தமிழே பட்டியல் தந்திருக்கிறது. மயங்கொலிகள் எட்டு: ல, ள, ழ, ண, ந, ன, ர, ற. இவற்றில் ழகர ளகர லகரத்தில்தான் உழைப்புக்குப் பலன் அதிகம். வலி, வளி, வழி என்று மூன்றும் மூன்று பொருள். நகர னகர வேறுபாடு இன்று பெரும்பாலோர் பேச்சில் காதுக்குத் தெரிவதில்லை. ரகர றகரமும் பல வட்டாரங்களில் ஒன்றாகிவிட்டது. ஆசிரியரின் வாயிலேயே இல்லாத வேறுபாட்டுக்குப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை. சந்தேகம் இருந்தால் முதலில் ஆசிரியர் தன் குரலைப் பதிந்து கேட்கட்டும்.

அடுத்த குறி மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இலக்கணம் கண் இமைப்பிலும் விரல் நொடிப்பிலும் அளந்ததை இன்று திரையில் அளக்கலாம். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆடாசிட்டி, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் இருவர் உருவாக்கிய பிராட் ஆகிய ஒலி மென்பொருள்கள் இரண்டுமே இலவசம். கல், கால் என்று பேசிவிட்டு அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் நெடில் நீண்டு கிடப்பது கண்ணுக்குத் தெரியும். வேற்று மொழி பேசும் வீட்டிலிருந்து வந்து தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் படம் பத்து விளக்கத்துக்குச் சமம்.

சாணும் முழமும்

நல்ல மைக் வாங்கப் பணம் ஒதுக்கும் முன் ஓர் அளவு. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கைப்பேசி இருக்கட்டும். இரண்டு சாண் ஒரு முழம். தூரம் சாணிலிருந்து முழமானால் குரலின் வலிமை கால் பங்காகும், அதாவது 6 டெசிபல் குறையும். மின்விசிறியின் இரைச்சலோ குறையாது. ஒரு சாணில் பிடித்தால் மைக் செலவு பூஜ்யம். விசிறியடியை விடத் தாழ்வாரம் மேல், தாழ்வாரத்தை விட வேப்பமரத்தடி மேல்.

பதிவின் தரத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. பழைய தொலைபேசித் தரம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ழகரத்தை அடையாளம் காட்டும் ஒலிக்கூறுகள் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தின் எஸ் ஒலியின் வலிமையோ 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. போனில் எஸ்ஸா எஃப்பா என்று குழம்பி எழுத்துக்கூட்டிச் சொல்வது அதனால்தான். மலிவான பதிவு தமிழ் ஆசிரியருக்குப் போதும். ஆங்கில ஆசிரியர் நொடிக்கு 16,000 மாதிரிக்குக் கீழே போகக் கூடாது.

ஒன்பது பிள்ளைகள்

2022ஆம் ஆண்டு ஏசர் கல்வி அறிக்கைப்படி இந்தியக் கிராமப்புறங்களில் நூற்றுக்கு 74.8 பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. நம் 35 பேர் வகுப்புக்கு அந்த விகிதத்தைப் போட்டால் 26 பேர் வீட்டில் உண்டு, 9 பேர் வீட்டில் இல்லை. இருக்கிற வீட்டிலும் போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத்தான் வரும். வீட்டுப்பாடமாகக் குரல்பதிவு கொடுத்தால் முதல் நாளே 9 பேர் கணக்குக்கு வெளியே.

பள்ளியில் ஒரே ஒரு போன் இருந்தால் போதும். ஆளுக்கு 20 நொடி பேச்சு, கைமாற 25 நொடி. 35 பேருக்கு 26 நிமிடம், ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். கேட்டு அழித்து மறுபடி பேச நேரம் வேண்டுமானால் வகுப்பை மூன்றாகப் பிரித்து மூன்று நாளில் முடிக்கலாம்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. பிள்ளையின் குரல் பிள்ளையின் அடையாளம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. சட்டம் இருக்கட்டும், திக்கித் திக்கிப் படிக்கும் குரலைப் பெற்றோர் குழுவில் 35 வீடு கேட்கும்படி போடுவது அந்தப் பிள்ளையின் வாயை ஆண்டு முழுக்க அடைத்துவிடும். பதிவு ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இடையில் நிற்கட்டும்.

இருப்பு

ஆண்டு முடிவில் எதை வைத்துக்கொள்வது? ஒரு பிள்ளைக்கு இரண்டே பதிவு: ஜூனில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, இரண்டிலும் ஒரே பத்தி. 35 பேருக்கு 70 பதிவு, ஓபஸில் 2.8 எம்பி. மற்றதெல்லாம் அழியட்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்ட ஒரு பிள்ளைக்கு 40 நொடி. 'முன்னேற்றம் தேவை' என்று அட்டையில் எழுதுவதை விட அந்த 40 நொடியைப் பெற்றோர் நம்புவார்கள்.

கணக்கை முடிப்போம். செலவு: பள்ளிக்கு ஒரு போன், ஆண்டுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவான டேட்டா, ஆசிரியரின் காது வாரத்துக்குப் பிரிவுக்குப் பதினேழரை நிமிடம். வரவு: பிள்ளைக்கு ஆண்டுக்கு 59 நிமிடப் பேச்சு. அந்தப் பதினேழரை நிமிடத்தை உங்கள் பாடவேளை அட்டவணையில் ஒதுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் நாளைக்கே தொடங்குங்கள். முடியாவிட்டால் பிள்ளைகளிடம் பதிவு கேட்காதீர்கள். பேசச் சொல்லிவிட்டுக் கேட்காமல் இருப்பதற்கு, பேசச் சொல்லாமலே இருக்கலாம்.